மருத்துவக் காப்பீடு இல்லாத நிலையில் பாதத்தில் கடுங்காயம்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைச் சுற்றித் தசைநார்களும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் மிகக் குறுகிய இடத்தில் நெருக்கமாக அமைந்துள்ளன. பாதத்தில் தசை குறைவு. தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது. ஆகவே வாகனச் சக்கரம் ஏறுதல், சாரத்திலிருந்து விழுதல், இயந்திரத்தில் சிக்குதல், மண்வெட்டி அல்லது கோடரி படுதல் ஆகியவற்றால் ஏற்படும் காயம் வெளியில் தெரிவதைவிட உள்ளே பெரிதாக இருப்பது வழக்கம். காப்பீடு இல்லை, செலவுக்குப் பணம் இல்லை என்ற எண்ணத்தில் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டு நாட்களைத்தான். சதை அழுகுவதும், சீழ் எலும்புக்குள் இறங்குவதும், விரலோ பாதமோ நீக்கப்பட வேண்டிய நிலை வருவதும் இந்தத் தாமதத்தில் தொடங்குகின்றன.

தமிழ்நாட்டில் காப்பீட்டு அட்டை இல்லாத ஒருவர் இத்தகைய காயத்துக்குச் சிகிச்சை பெறும் வழிகளையும், வீட்டில் செய்ய வேண்டிய பராமரிப்பையும், வருமான இழப்பை ஈடுசெய்யச் சட்டம் அளிக்கும் வாய்ப்புகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

காயம்பட்ட காலை ஊன்றி நான்கு அடி கூட எடுத்து வைக்க இயலவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். தோல் கிழிந்து எலும்பு தெரிதல், பாதத்தின் வடிவம் மாறியிருத்தல், அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காமை, விரல்கள் வெளுத்தோ நீலம் பூத்தோ குளிர்ந்தோ இருத்தல், உணர்ச்சி மரத்துப்போதல் ஆகியவை அவசர நிலைகள். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி பாதம் முழுவதும் இறுகிக்கொண்டே போனால், உள்ளே வீக்கத்தால் அழுத்தம் உயர்ந்து இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று பொருள். இதற்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

எளிதில் தவறவிடப்படும் இரண்டு காயங்களைத் தனியே குறிப்பிட வேண்டும். முதலாவது, உயரத்திலிருந்து குதிகால் பட விழுவதால் ஏற்படும் குதிகால் எலும்பு முறிவு. அந்த அதிர்ச்சி முதுகெலும்பு வரை ஏறுவதால் முதுகிலும் முறிவு இருக்கலாம். முதுகு வலி இருந்தால் மருத்துவரிடம் அதையும் கட்டாயம் கூறுங்கள். இரண்டாவது, பாதத்தின் நடுப்பகுதி மூட்டுகள் விலகும் காயம். இதை வெறும் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவி விடுவோர் பலர். உள்ளங்காலில் இரத்தக் கட்டு நீலமாகத் தெரிந்தால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது.

நீரிழிவு நோயாளிகளுக்கு வலி ஓர் அளவுகோல் ஆகாது. பாதத்தின் உணர்ச்சி குறைந்திருப்பதால் முறிந்த எலும்போடு நடந்துகொண்டிருப்பவர்களும் உண்டு. அவர்கள் சிறிய காயத்துக்கும் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

மருத்துவமனை செல்லும் வரை

108 எண்ணை அழையுங்கள்; அவசர ஊர்திக்குக் கட்டணம் இல்லை. அது வரும் வரை சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி வையுங்கள். மண் படிந்திருந்தால் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவலாம். மஞ்சள் தூள், காப்பித் தூள், சாணம், பற்பசை, மை ஆகிய எதையும் காயத்தின் மீது வைக்காதீர்கள். அவை இரத்தத்தை நிறுத்துவதுபோல் தோன்றினாலும் கிருமியை உள்ளே அடைத்துவிடும். அறுவை அரங்கில் அவற்றைச் சுரண்டி எடுப்பதற்கே நேரம் செலவாகும். ஆணி அல்லது கம்பி ஆழமாகக் குத்தி நின்றால் அதைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விரல் துண்டாகியிருந்தால் ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். துண்டான பகுதி பனிக்கட்டியை நேரடியாகத் தொடக் கூடாது. மீண்டும் பொருத்த முடியுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நாட்டுக் கட்டுப் போடும் இடங்களுக்குச் செல்லும் பழக்கம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. செலவு குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் தோல் கிழிந்த முறிவுக்கும், இரத்த ஓட்டம் குறைந்த பாதத்துக்கும், நீரிழிவு நோயாளியின் பாதத்துக்கும் மூங்கில் பட்டை வைத்து இறுக்கும் கட்டு ஆபத்தானது. வீக்கம் கூடும்போது கட்டு நெகிழாது. விரல்கள் கருத்த பிறகு மருத்துவமனைக்கு வருபவருக்குக் காப்பாற்றுவதற்குப் பாதத்தில் அதிகம் மிஞ்சியிருப்பதில்லை.

எந்த மருத்துவமனை?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் எலும்பு முறிவு அறுவை சிகிச்சைத் துறை உள்ளது. அங்கே சேர்க்கைக்கும் அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் காப்பீட்டு அட்டை தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தை நிறுத்தி, டி.டி. ஊசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்ப இயலும். முறிவுக்கான அறுவை சிகிச்சை அங்கே நடைபெறாது. எனவே கடுங்காயம் என்று தெரிந்தால் எலும்பு முறிவு மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லுமாறு 108 ஊழியரிடம் கேளுங்கள். தோல் கிழிந்த முறிவில் கிருமிக்கொல்லி ஊசி முதல் சில மணி நேரத்துக்குள் செலுத்தப்படுவதும், காயம் அறுவை அரங்கில் முறையாகக் கழுவப்படுவதும் பாதத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன.

அருகில் தனியார் மருத்துவமனை மட்டுமே இருந்தால் அங்கே செல்லத் தயங்க வேண்டாம். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான நிலையில் வரும் எவருக்கும் முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. காவல் நிலையத்தில் புகார் செய்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் தவறு. முதல் சிகிச்சைக்குப் பின் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

சாலை விபத்து என்றால்

தமிழ்நாட்டின் எல்லைக்குள் நிகழும் சாலை விபத்துகளில் காயமடைந்தோருக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. காப்பீட்டு அட்டை உள்ளவரா இல்லாதவரா, இந்த மாநிலத்தவரா வேறு மாநிலத்தவரா என்ற வேறுபாடு இதில் இல்லை. திட்டத்தில் இணைந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நோயாளி பணம் செலுத்த வேண்டியதில்லை. மேலும், சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு 7 நாட்கள் வரை, 1.5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டுப் பணமில்லாச் சிகிச்சை அளிக்கும் ஒன்றிய அரசின் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. எந்தத் திட்டத்தின் கீழ் நீங்கள் சேர்க்கப்பட்டுள்ளீர்கள் என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீடு இல்லாத குடும்பம் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டிய நேரம் அந்த 48-ஆவது மணிதான். பாதக் காயங்களுக்கு ஒரே அறுவை சிகிச்சை போதாது. முதலில் காயம் கழுவப்படும். இரண்டு மூன்று நாள் கழித்து மீண்டும் திறந்து பார்க்கப்படும். பிறகு கம்பி அல்லது தகடு பொருத்தப்படும். அதன்பின் தோல் ஒட்டுச் சிகிச்சை நடைபெறலாம். அதாவது செலவின் பெரும்பகுதி கட்டணமில்லாக் காலம் முடிந்த பின்னரே வருகிறது. தனியார் மருத்துவமனையில் இருந்தால் முதல் நாள் மாலையிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இன்னும் எத்தனை அறுவை சிகிச்சைகள் தேவைப்படும்? 48 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு என்ன செலவாகும்? இந்த நிலையில் அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது பாதுகாப்பானதா? செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். மாற்றுவது பாதுகாப்பானது என்று மருத்துவர் கூறினால், பணம் தீர்ந்த பிறகு மாற்றுவதைவிட முன்னரே மாற்றுவது நன்று. எடுத்த எக்ஸ்ரே படங்கள், கொடுத்த மருந்துகளின் பட்டியல், அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இல்லையெனில் அனைத்தும் முதலிலிருந்து தொடங்கும்.

கட்டணம் நிலுவையில் உள்ளது என்பதற்காக நோயாளியை வெளியேற விடாமல் தடுத்து வைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை.

உண்மையிலேயே காப்பீடு இல்லையா?

இக்கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அட்டை கையில் இல்லாததைக் காப்பீடே இல்லை என்று எண்ணிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இதற்குத் தவணைத் தொகை ஏதும் செலுத்த வேண்டியதில்லை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களும் இத்திட்டத்தில் சேரலாம். உங்கள் குடும்ப அட்டை எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவிலோ, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேட்டறியலாம்.

பதிவு இல்லையெனில், நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே குடும்பத்தினர் ஒருவர் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுக வேண்டும். வருமானச் சான்று பெறுவதில்தான் நாட்கள் கழிகின்றன. ஆகவே நோயாளியின் அருகில் இருவர் அமர்ந்திருப்பதைவிட, ஒருவர் அருகில் இருக்க, மற்றவர் முதல் நாளே இந்தப் பணியைத் தொடங்குவது நல்லது. அவசரச் சேர்க்கை என்பதை மருத்துவமனையின் கடிதத்தோடு எடுத்துக் கூறுங்கள். தகடு, திருகு ஆகிய பொருத்துபொருள்களின் செலவு இத்திட்டத்தின் வழியே ஏற்கப்படும் என்பதால், அரசு மருத்துவமனையில் சேர்ந்திருந்தாலும் இந்தப் பதிவு பயன்தரும்.

நகையை அடகு வைப்பதற்கும் வட்டிக்கு வாங்குவதற்கும் முன்னர் மேற்கண்ட வழிகளை ஒரு நாள் செலவிட்டு விசாரித்துவிடுங்கள். பாதக் காயம் மாதக்கணக்கில் வருமானத்தை நிறுத்தும். கையிருப்பு அந்த மாதங்களுக்குத் தேவைப்படும்.

வேலையிடத்தில் அடிபட்டிருந்தால்

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், காயம் எங்கே, எப்படி, எப்போது ஏற்பட்டது என்று எழுதப்படும். இந்தச் சில வரிகள் பின்னர் கிடைக்கக்கூடிய இழப்பீட்டின் அடித்தளம். “வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒப்பந்ததாரரோ மேற்பார்வையாளரோ கூறுவது அரிதன்று. அவர் முதல் வாரச் செலவை ஏற்கவும் கூடும். ஆனால் பதிவேட்டில் ஒருமுறை எழுதப்பட்டதை மாற்றுவது மிகக் கடினம். இரண்டாவது அறுவை சிகிச்சையின்போது அவர் வராவிட்டால் உங்கள் கையில் சான்று எதுவும் இராது. நடந்ததை நடந்தவாறே மருத்துவரிடம் கூறுங்கள். பராமரிப்பவர் என்ற முறையில் நீங்கள் பேச நேர்ந்தாலும் அவ்வாறே செய்யுங்கள்.

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளர்கள், தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் பொருந்தும் நிறுவனத்தில் பணியாற்றினால், பணியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலையிட விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. இத்தனை நாள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை விபத்துக் காயத்துக்குப் பொருந்தாது. சிகிச்சையோடு, வேலைக்குச் செல்ல இயலாத காலத்துக்கு ஊதியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் வழங்கப்படும். ஈட்டுறுதித் திட்டம் பொருந்தாத இடங்களில் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் வேலையளிப்பவரே ஏற்க வேண்டும் என்பது சட்டம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு அளிக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலோ பிற அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களிலோ பதிவு செய்தவர்கள், விபத்து உதவித்தொகைக்கு அந்த வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

சாலை விபத்தில் காயமடைந்தவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு அளிப்பது பாதுகாப்பானது. மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனம் எது எனத் தெரியாவிட்டாலும் கடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் வழங்கும் ஒன்றிய அரசுத் திட்டம் உள்ளது. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையெனில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

இதற்கெல்லாம் தேவையான தாள்கள்: விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம், எக்ஸ்ரே படங்கள், மருந்து இரசீதுகள். இவற்றை ஒரே பையில் இட்டு வையுங்கள். மூலத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

வீட்டில் பராமரிப்பு

முறிந்த பாதம் கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். குதிகால் எலும்பு முறிவுக்குப் பின் சிரமமின்றி நடக்க ஓராண்டு கூட ஆகலாம். மருத்துவர் அனுமதிக்கும் வரை காலை ஊன்றக் கூடாது. வலி குறைந்துவிட்டது என்பது எலும்பு கூடிவிட்டது என்பதற்கு அடையாளமன்று. வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் இந்த இடத்தில்தான் பலர் தகட்டை வளைத்துக்கொள்கிறார்கள்.

முதல் இரண்டு வாரங்கள் பாதம் இதயத்தின் மட்டத்துக்கு மேலே இருக்குமாறு தலையணைகளை அடுக்கி வையுங்கள். நாற்காலியில் அமர்ந்து காலைத் தொங்கவிட்டால் வீக்கம் கூடும்; வீக்கம் கூடினால் தையல் பிரியும். மாவுக்கட்டை நனைக்காதீர்கள், அரிப்புக்காகக் குச்சியையோ பின்னல் ஊசியையோ உள்ளே விடாதீர்கள். விரல்களின் நிறம், சூடு, அசைவு ஆகியவற்றைக் காலையிலும் இரவிலும் பாருங்கள். விரல்கள் நீலமாதல், மரத்தல், கட்டு இறுகிக் கடும் வலி தோன்றுதல், கட்டின் வழியே துர்நாற்றமோ நீரோ கசிதல், காய்ச்சல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் மறுநாள் புறநோயாளிகள் பிரிவு திறக்கும் வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ இரத்தக் குழாயில் கட்டி உருவாகியிருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.

புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒவ்வொரு முறையும் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதில்லை. சிகிச்சைச் சுருக்கத்தைக் காட்டினால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிக் கட்டு மாற்றிக்கொள்ளலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உள்ளது. உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். வெளியில் வாங்க வேண்டிய மருந்துகளை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ குறைந்த விலையில் பெறலாம். மருந்தின் வணிகப் பெயருக்குப் பதிலாக மூலப்பெயரை எழுதித் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள். கிருமிக்கொல்லி மாத்திரைகளைப் பணம் மிச்சப்படுத்துவதற்காகப் பாதியில் நிறுத்தாதீர்கள். வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கித் தொடர்ந்து உண்பது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கும்.

உணவுக்கெனத் தனிச் செலவு தேவையில்லை. முட்டை, பருப்பு, நிலக்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, கிடைக்கும்போது சிறு மீன் ஆகியவை போதும். கடையில் விற்கும் புரத மாவுகள் இவற்றைவிட மேலானவை அல்ல. புகைபிடித்தல் எலும்பு கூடுவதையும் தோல் ஒட்டு பிடிப்பதையும் தாமதப்படுத்துகிறது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் எந்த அறுவை சிகிச்சையும் முழுப்பயன் தராது.

பாதத்தை நீக்க வேண்டும் என்று கூறப்பட்டால்

இச்சொல்லைக் கேட்ட உடன் நோயாளியை அழைத்துக்கொண்டு வீடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. அச்சம் இயல்பானது. எனினும் அழுகிய பாதத்தின் நச்சு இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து நேரும். எந்த மட்டத்தில் நீக்கப்படும், வேறு வழி உள்ளதா, எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்று கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். ஆனால் அதற்கு எத்தனை மணி நேரம் உள்ளது என்பதை முதல் மருத்துவரே கூற வேண்டும். முழங்காலைக் காப்பாற்ற முடிந்தால், செயற்கைக் காலுடன் நடந்து வேலைக்குத் திரும்புவது பெரிதும் எளிதாகும். உணர்வற்று, ஆறாத புண்ணோடு இருக்கும் பாதத்தைவிட நன்கு பொருந்திய செயற்கைக் கால் சிலருக்குப் பயனுள்ளதாக அமைகிறது.

செயற்கைக் கால்கள் அரசு மூலம் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தையும், உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகலாம். மருத்துவக் குழு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு எனச் சான்றளித்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், அதன்வழி உதவிகளும் பயணச் சலுகைகளும் கிடைக்கும்.

பராமரிப்போர் கவனத்துக்கு

உழைத்துக் குடும்பத்தைக் காத்தவர் கழிப்பறைக்குச் செல்லவும் பிறரை எதிர்பார்க்கும் நிலைக்கு வரும்போது, அவரது சினத்துக்கும் மௌனத்துக்கும் காரணம் நீங்கள் அல்லர். உறக்கமின்மை, உணவு மறுத்தல், வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சு ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பராமரிப்பவரும் தமக்காகப் பேசலாம். நியாய விலைக் கடைக்கு நேரில் செல்ல இயலாதவர், தம் சார்பில் பொருள் பெற ஒருவரை நியமிக்கும் படிவத்தைக் கடையிலேயே கேட்டுப் பெறலாம். எந்தச் சேவை எங்கே கிடைக்கும் என்ற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் உள்ளது. அழைப்பதற்கு முன் நோயாளியின் பெயர், சேர்க்கை எண், மருத்துவமனையின் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.